அமர்ந்த இசையும் நடந்த இசையும்: வேங்கட வீதியிலிருந்து ஒரு நோக்கு

சென்ற ஆண்டு நமது சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு முன் கூடிய கூட்டத்தில் ஒரு சிறு வாக்குவாதம் உண்டாயிற்று. நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வாத்தியக் குழு வைத்திருக்கிறார்கள். வயலின் மூன்று, புல்லாங்குழல் இரண்டு, நாகஸ்வரம் இரண்டு, மிருதங்கம், தவில், கஞ்சிரா ஒவ்வொன்று. இந்த முறை மேடையில் உட்கார்ந்து வாசிக்காமல், மண்டப வாசலிலிருந்தே வாசித்துக்கொண்டு உள்ளே நடந்து வருவோம், நடுவழியில் இரண்டு வரிசையாகப் பிரிவோம், மேடை ஏறியபின் வாசிப்புக்கு ஏற்ப இடம் மாறி நிற்போம் என்று அவர்கள் கேட்டார்கள்.

"இது கச்சேரியா, கரகாட்டமா?" என்றார் ஒரு பெரியவர். நானும் அவர் பக்கம்தான் இருந்தேன். சீவக சிந்தாமணியிலிருந்து ஒரு செய்தியை எடுத்துச் சொல்லி, அசையாமல் இசைப்பதே தமிழ் மரபு என்று தீர்ப்புப் போலவே கூறிவிட்டேன். அப்போது நாகஸ்வரம் வாசிக்கும் பையன் எழுந்து, "ஐயா, எங்க தாத்தா முப்பது வருஷம் சாமிக்கு முன்னாடி நடந்துகிட்டேதான் வாசிச்சாரு. அப்போ அது சங்கீதம் இல்லையா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் திட்டம் தள்ளுபடியாயிற்று. தள்ளிய கைகளில் என் கையும் ஒன்று. அந்தக் கேள்விக்கு ஒரு வருடம் கழித்து எழுதும் பதிலே இக்கட்டுரை. நான் பட்டம் பெற்ற புலவன் அல்லன். சித்தூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். கடை மூடியபின் படித்ததும், திருப்பதி வீதிகளில் நின்று பார்த்ததுமே என் கையிருப்பு. பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் எடுத்துக் காட்டிய மேற்கோள்

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருத்தக்கதேவர் எங்கள் சமண முனிவர். அவருடைய சிந்தாமணியில் காந்தருவதத்தை யாழிசைத்துப் பாடும் இடம் உண்டு. யாழில் தன்னை வெல்பவனையே மணப்பேன் என்று இருப்பவள் அவள். அவள் பாடும்போது புருவம் மேலே ஏறவில்லை, கண் அலையவில்லை, மிடறு புடைக்கவில்லை, பல் வெளியே தெரியவில்லை என்று தேவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கேட்டவர்களுக்கு, இவள்தான் வாய் திறந்து பாடினாளா, அல்லது வீணையே நாக்குப் பெற்றுப் பேசியதா என்று மயக்கம் வந்துவிட்டதாம். உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு இந்நூலைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்த செய்தி தமிழுலகம் அறிந்தது. எங்கள் வீடுகளில் சிறு வயதிலேயே காதில் விழும் நூல் அது.

அசையாமையை எங்கள் சமயம் உயர்வாக வைத்ததற்குக் காரணமும் உண்டு. தீர்த்தங்கரர் திருவுருவம் ஒன்று அமர்ந்திருக்கும். இல்லையேல் கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும். கொடி காலைச் சுற்றினாலும் பாகுபலி அசைவதில்லை. ஆதிநாதருக்குத் துறவு எண்ணம் வந்ததே ஓர் ஆட்டத்தினால்தான். நீலாஞ்சனை என்னும் தேவமங்கை அவர் அவையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆயுள் முடிந்து மறைந்தாள் என்று ஸ்ரீபுராணம் கூறும். அசைவது அழியும் என்பது எங்களுக்குப் பால பாடம். ஆகவே பிள்ளைகள் வாத்தியத்தோடு நடப்போம், திரும்புவோம் என்றதும் என் மனம் முகம் சுளித்தது.

நான் எடுத்துக் காட்டாதது

ஆனால் அதே அலமாரியில் சிலப்பதிகாரமும் இருக்கிறது. அதை நான் அன்று எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் வாதம் பாதியிலேயே நின்றிருக்கும்.

அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மேடைக்கு அளவு சொல்கிறார். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் இலக்கணம் வகுக்கிறார். குயிலுவர் எனப்படும் கருவி இசைப்போர் அவரவர்க்குரிய முறையில் நிற்கிறார்கள். குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, அதன் பின்னே முழவு என்று ஒன்றையொன்று தொடர்ந்து, கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கூடி ஒலிக்கும். இன்று நாம் வாத்தியக் குழு என்று சொல்வதற்கு இதைவிடப் பழைய தெளிவான வருணனை தமிழில் வேறு எனக்குத் தெரியாது. இங்கே ஆடுபவள் மாதவி ஒருத்தி. இசைப்போர் இடம் பெயராமல் நிற்கிறார்கள். இதுவரை என் கட்சி வாழ்கிறது.

மதுரைக் காண்டத்து ஆய்ச்சியர் குரவைக்கு வாருங்கள். மாதரி ஏழு ஆயர் மகளிரை வரிசையாக நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையே இடுகிறாள். குரலாக நின்றவளை மாயவன் என்கிறாள். இளியாக நின்றவளைப் பலராமன் என்கிறாள். துத்தமாக நின்றவளை நப்பின்னை என்கிறாள். அவர்கள் கை கோத்து வட்டமாக நின்று, ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். சுரம் ஒவ்வொன்றும் ஓர் ஆளாகக் காலூன்றி நிற்கிறது. சுரங்களுக்கு இடையே உள்ள உறவு, ஆட்களுக்கு இடையே உள்ள தூரமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. இசைப்பவர் வேறு, ஆடுபவர் வேறு என்ற பிரிவே அங்கு இல்லை. பிள்ளைகள் கேட்டதும் இதைத்தானே!

அப்படியானால் பழந்தமிழில் இரண்டும் உண்டு. அரண்மனை அரங்கத்தில் இசைப்போர் நின்றார்கள். மன்றத்தில் இசைத்தவர்கள் ஆடினார்கள். நான் ஒன்றை மரபு என்றும் மற்றதை மரபு அல்ல என்றும் சொன்னது என் வசதிக்காக.

வேங்கட வீதியில்

நாம் வாழும் இந்த மண்ணே தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்லும் வேங்கடத்தின் அடிவாரம். 1911 ஏப்ரல் 1 வரை சித்தூர் தனி மாவட்டம் அல்ல, வட ஆர்க்காட்டின் பகுதி. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி இங்கிருந்து சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறினாலும் வீதியின் வழக்கம் பெரிதும் மாறவில்லை.

பிரம்மோற்சவத்தின் 9 நாளும் காலையிலும் இரவிலும் மலையப்ப சுவாமி வாகனத்தில் நான்கு மாட வீதிகளையும் சுற்றி வருகிறார். முன்னே திவ்யப்பிரபந்த கோஷ்டி, பின்னே வேத பாராயணம். நாகஸ்வரமும், இங்கே டோலு என்று சொல்லும் தவிலும் உடன் செல்லும். வாகனத்துக்கு முன்பாகக் கோலாட்டக் குழுக்களும் பஜனைக் குழுக்களும் போகும். செக்க பஜனை என்பது கையில் சலங்கை பதித்த கட்டைகளைத் தட்டிக்கொண்டு, பாடிக்கொண்டு, காலில் அடவு போட்டுக்கொண்டு போவது. பாடுபவரும் அவரே, தாளம் போடுபவரும் அவரே, ஆடுபவரும் அவரே.

இந்தக் குழுக்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். ஜால்ராவை எடை பார்த்து மட்டும் வாங்கமாட்டார்கள்; ஒரு ஜோடியைத் தட்டி, காதருகே வைத்து, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். சலங்கையைக் கையில் வைத்துக் குலுக்கினால் போதாது என்று, கடைக்குள்ளேயே காலில் கட்டி நாலு அடி வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. "சேட்டு, மெல்ல நடந்தா சத்தம் வரக்கூடாது, மிதிச்சாத்தான் வரணும்" என்று ஒரு குழுத் தலைவர் சொன்னார். (நான் சேட்டு இல்லை, தமிழ் நயினார் என்று நாற்பது வருடமாகச் சொல்லியும் பயனில்லை.) அவர் சொன்னது சலங்கையின் தரத்தைப் பற்றி. ஆனால் இசையில் அசைவு எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பதற்கும் அதுவே நல்ல அளவுகோல் என்று இப்போது தோன்றுகிறது. அலிபிரியிலிருந்து மலைக்கு ஏறும் வழியில் சுமார் 3550 படிகள். அந்தப் படிகளில் பாடிக்கொண்டே ஏறும் பஜனைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூச்சு எங்கே விடுவது என்பதைப் பாட்டு சொல்கிறது, கால் எங்கே வைப்பது என்பதைத் தாளம் சொல்கிறது.

பெரிய மேளத்தின் கதையும் இதுவே, இன்னும் நுட்பமாக. தமிழகத்துக் கோயில்களில் சுவாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். கம்பீரநாட்டை ராகம். அதற்குச் சாகித்தியம் கிடையாது. சுரமும் சொற்கட்டும் லயமும்தான். அதே உருவை மூன்று காலத்திலும் வாசிப்பார்கள். தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று எனத் தனித்தனியே உண்டு. வீட்டுக்குள் இருப்பவர்கள் மல்லாரி காதில் விழுந்ததும், சுவாமி புறப்பட்டாயிற்று என்று விளக்கை ஏற்றி வாசலுக்கு வருவார்கள். வீதி நீளத்துக்கு ராகம் விரியும். சந்தியில் மேளம் நின்று சுவாமி பக்கம் திரும்பி வாசிக்கும். எங்கே நடப்பது, எங்கே நிற்பது, எங்கே திரும்புவது, அங்கே என்ன வாசிப்பது எல்லாம் வகுத்து வைத்தவை.

திருவாரூரில் தியாகராஜரின் அஜபா நடனத்துக்கும், திருவரங்கத்தில் நம்பெருமாளின் நடையழகுக்கும் தோள் கொடுப்பவர்களின் காலே ஆதாரம். திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி அரையர்களோ, கையில் தாளத்துடன் பாசுரத்தைப் பாடி, அதற்கே அபிநயமும் பிடிக்கிறார்கள். பாட்டும் அசைவும் ஒரே உடம்பிலிருந்து வரும் மரபு அது.

இதில் எதையும் யாரும் வேடிக்கைக்காகச் செய்ததில்லை. ஒரு முழ நீளத்துக்கு மேல் இருக்கும் நாகஸ்வரத்தைத் தூக்கிப் பிடித்து, சீவாளி உதட்டில் இருக்க நடப்பது சாமானியமா? தவில்காரர் தோளில் வார் மாட்டி, ஒரு கை குச்சியாலும் மறு கை விரல் கூடுகளாலும் அடித்துக்கொண்டு நடக்கிறார். காலடி தடுமாறினால் கணக்கும் தடுமாறும்.

1898இல் பிறந்த இருவர்

அப்படியானால் நமது கச்சேரி எப்போது உட்கார்ந்தது? இதற்கு விடை தேடியபோது ஒரே ஆண்டில் பிறந்த இரு மேதைகள் கண்ணில் பட்டார்கள்.

ஒருவர் நம் ஊர்க்காரர், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898இல் புங்கனூரில் பிறந்தவர். ஹரிகதையும் பாட்டும் கேட்டு வளர்ந்தவர். ஆந்திர ஹரிகதை எப்படிப்பட்டது என்பதை அறிய விஜயநகரத்து ஆதிபட்ல நாராயண தாசரை நினைத்தால் போதும் (1864–1945). காலில் சலங்கை, கையில் சிடதலு என்னும் சிப்ளாக்கட்டை. பாடுவார், வசனம் சொல்வார், ஆடுவார். இரண்டு கை, இரண்டு கால், தலை என ஐந்து உறுப்பாலும் ஐந்து தாளத்தைத் தனித்தனியே காட்டியவர் என்று அவருக்குப் பஞ்சமுகி பரமேசுவரர் என்ற புகழ் உண்டு. 1919இல் விஜயநகரத்தில் மகாராஜா இசைக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. ஆக, ஆடிப் பாடியவரை அக்காலம் வித்வான் அல்ல என்று ஒதுக்கவில்லை.

சுப்பிரமணிய பிள்ளையோ காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். நாயனா பிள்ளை லயச் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று தாளக் கருவிகள் நிறைந்த அவருடைய கச்சேரியை 'புல் பெஞ்ச்' என்றே சொல்வார்கள். அத்தனை லயமும் உட்கார்ந்த உடம்புகளுக்குள் அடங்கியிருந்தது, அசைந்தது கைதான். அந்த வழியில் நின்ற சித்தூராருக்கு 1954ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. சபா, டிக்கட், ஒலிபெருக்கி, வானொலி எல்லாம் வந்த காலம் அது. மைக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாய் இருக்க வேண்டும். வீதி, மண்டபத்துக்குள் சுருங்கியது.

மற்றவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவருக்கு வாத்தியமே வீதியின் வாத்தியம். நீளமான பாரி நாகஸ்வரத்தைப் புகழடையச் செய்தார். ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்தார். மேடையில் மற்ற வித்வான்களுக்குச் சமமாக உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்று சாதித்தார். நாகஸ்வரக்காரர் மேல் துண்டை இடுப்பில் கட்டி, பெரிய மனிதர் முன் நின்றுதான் ஆக வேண்டும் என்றிருந்த வழக்கத்தை எதிர்த்து, கோட்டும் கிராப்புமாகத் திரிந்தார். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற வேளையில் தில்லியில் ஒலித்தது அவர் நாகஸ்வரம். சென்னை மியூசிக் அகாதெமி 1956இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும், 1998இல் ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து திருவரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானாவுக்கும் சங்கீத கலாநிதி வழங்கியது. அந்த வழி எளிதில் திறந்ததல்ல.

இங்கேதான் என் ஆராய்ச்சி சிக்கிக்கொண்டது. நடந்து இசைப்பதே நம் பழைய மரபு, ஆகவே பிள்ளைகள் நடக்கட்டும் என்று எளிதாக முடித்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் நடந்தவர்களே உட்காரப் போராடியிருக்கிறார்களே! அவர்களுக்கு உட்கார்வது என்பது கலை விஷயம் மட்டுமா?

அந்தப் பையனின் தாத்தாவைப் போய்ப் பார்த்தேன். எண்பதைக் கடந்தவர். சீவாளிகளை இன்றும் ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"சாமி முன்னாடி நடந்து வாசிச்சதுல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. சந்தியில நின்னு தோடி வாசிச்சா, தூக்குறவங்க தோள் வலியே மறந்து நிப்பாங்க. ஆனா கல்யாண வீட்டுல ராத்திரி பூரா வாசிச்சிட்டு, காலையில திண்ணையில உக்காரப் போனா, 'அங்க வேணாம், அந்தாண்ட போங்க'ன்னு சொன்னாங்க பாருங்க, அதுதான் காலு வலிச்சது."

எந்த ஊர், யார் வீடு என்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இது எழுதப்பட்டிருக்கவில்லை. நடந்து வாசித்ததில் அவருக்குக் குறை இல்லை, உட்கார இடம் மறுத்ததில்தான் குறை.

கடல் கடந்த செய்தி

மேனாட்டிலும் இன்று இதே பேச்சு நடக்கிறது. அங்கே ஆர்க்கெஸ்ட்ரா என்றால் நாற்காலி, முன்னே தாள் வைக்கும் தாங்கி, அதற்கும் முன்னே கோல் பிடித்தவர். 1772இல் ஹைடன் 'விடைபெறும் சிம்பொனி' ஒன்றை அமைத்தார். அதன் கடைசிப் பகுதியில் வாத்தியக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வாசிப்பை நிறுத்தி எழுந்து போய்விடுவார்கள். கடைசியில் இரண்டு வயலின் மட்டும் மிஞ்சும். வேலையாட்களாக அரண்மனையில் வெகுநாள் தங்கவைக்கப்பட்டு, வீட்டுக்குப் போக ஏங்கிய கலைஞர்களின் விண்ணப்பம் அது என்பார்கள். எழுந்து நடந்ததே அங்கே பேச்சாகிவிட்டது.

1975இல் ஸ்டாக்ஹவுசன், கிளாரினெட் வாசித்துக்கொண்டே ஆட வேண்டிய 'ஹார்லெகின்' என்ற உருப்படியை எழுதினார். 2012இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக மாணவர் ஆர்க்கெஸ்ட்ரா, நடன ஆசிரியை லிஸ் லெர்மனின் பயிற்சியில், டெபுஸ்ஸியின் புகழ்பெற்ற ஓர் இசைப்படைப்பை நாற்காலியும் தாளும் இல்லாமல், மேடை முழுதும் நடந்தும் சேர்ந்தும் பிரிந்தும் வாசித்தது. லண்டனின் அரோரா ஆர்க்கெஸ்ட்ரா 2014இல் மொசார்ட்டின் 40ஆம் சிம்பொனியைத் தாளே இல்லாமல் மனப்பாடமாக வாசித்தது.

இவர்கள் எல்லோரும் முதலில் செய்தது ஒன்றுதான்: தாளைத் தூக்கி வைத்துவிட்டு மனப்பாடம் செய்தார்கள். தாளைப் பார்த்து வாசிப்பவர் நடக்க முடியாது. நம் நாகஸ்வரக்காரருக்கோ எதிரே தாள் இருந்ததே கிடையாது. அவர்கள் பெருமுயற்சி செய்து எட்டிய இடத்தில் நம்மவர் பிறவியிலேயே நின்றிருந்தார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறுபாடும் ஒன்று உண்டு. மேரிலாண்ட் மாணவர்கள் எழுந்து நடந்தது அவர்களாக விரும்பி ஏற்ற பயிற்சி. நாற்காலி அவர்களுக்கு எப்போதும் காத்திருக்கிறது. நம் கலைஞருக்கு அந்த நாற்காலியே வெகுகாலம் இல்லை.

என் தீர்ப்பைத் திருத்திக்கொள்கிறேன்

இத்தனையும் பார்த்தபின் எனக்குத் தெளிந்தது இது. அசைவு உயர்வா, அசையாமை உயர்வா என்று நான் கேட்டதே தவறான கேள்வி. இசைக்குத் தேவையான அசைவா, அந்த அசைவை ஏற்பதும் மறுப்பதும் இசைப்பவர் கையில் இருக்கிறதா என்ற இரண்டையுமே கேட்க வேண்டும். ஆய்ச்சியர் தாங்களே கை கோத்தார்கள். நாராயண தாசர் தாமே சலங்கை கட்டினார். ராஜரத்தினம் பிள்ளை தாமே உட்கார்ந்தார். மூன்றும் ஒரே வகையான சுதந்திரம் என்பது என் கருத்து.

சிந்தாமணியையும் நான் சரியாகப் படிக்கவில்லை. திருத்தக்கதேவர் புகழ்ந்தது வீண் அசைவு இல்லாமையை; முகம் கோணுவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் இசையில் சேராது என்பதே அவர் சொன்னது. அது காந்தருவதத்தை தானாக அடைந்த அடக்கம். யாரும் அவளை அசையாதே என்று கட்டளையிடவில்லை. நானோ அந்தப் பாட்டைக் கொண்டு பத்துப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டேன்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இப்போது செல்பேசிக் காமிராவுக்காகவே துள்ளும் வாத்தியக் குழுக்கள் பெருகிவிட்டன. தாளம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மெல்ல நடந்தால் சத்தம் வரக்கூடாது, மிதித்தால்தான் வர வேண்டும் என்று அந்தப் பஜனைத் தலைவர் சொன்னதை நினைவில் வையுங்கள். சந்தியில் மேளம் ஏன் நிற்கிறது, ஏன் திரும்புகிறது என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். திருப்பதியில் தேவஸ்தானத்தின் இசைக் கல்லூரியும் நாகஸ்வரப் பள்ளியும் இருக்கின்றன. அங்கும் போய்க் கேளுங்கள். காரணமில்லாத ஓர் அடியும் வைக்காதீர்கள்.

இந்த ஆண்டுக் கூட்டத்தில் நானே எழுந்து முன்மொழிந்தேன். பிள்ளைகள் வாசலில் மல்லாரி தொடங்கி, மண்டபம் வழியே நடந்து வரட்டும். நடுவே ஓரிடத்தில் நின்று திரும்பி வாசிக்கட்டும். பிறகு மேடையில் ஜமக்காளம் விரித்து, நாகஸ்வரத்தை நடுவில் உட்கார வைத்து, ராகம் ஆற அமர விரியட்டும் என்றேன். ஏற்கப்பட்டது. அந்தப் பெரியவர் மட்டும் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கும் இந்த மலரில் ஒரு பிரதி போய்ச் சேரும்.

தாத்தாவையும் அழைத்திருக்கிறோம். முன் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். மல்லாரி தொடங்கியதும் அவர் அதில் உட்கார்ந்திருப்பாரா, எழுந்து நிற்பாரா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.